பிரிய மறுத்த மூலை

பழைய மரச்சாமான் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால், பார்க்கிற அத்தனை பேரும் சொல்வது ஒன்றுதான்: “நல்ல ஆளாப் பாத்துக் குடுங்க, புதுசு மாதிரி ஆக்கிருவாங்க.” கடைக்காரர் சொன்னார், வண்டிக்காரர் சொன்னார், மாடி வீட்டு அக்கா சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது. புதுசு வேண்டுமென்றால் புதுசையே வாங்கியிருக்கலாமே என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படியே கிடக்கட்டும் என்று விடவும் எனக்கு மனமில்லை. டிராயர் திறக்க வேண்டும், கால் ஆடக் கூடாது, கண்ணாடியில் முகம் தெரிய வேண்டும். இவ்வளவு வேண்டும், ஆனால் புதுசு வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் கையை நிறுத்துவது என்று யோசித்து யோசித்துப் பல மாதம் போயிற்று. ஒரு தச்சுப் பட்டறையில் ஒரு பிற்பகலில்தான் அது எனக்குத் தெளிந்தது.

முதலில் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நிலைக்கண்ணாடி வைத்த டிராயர் மேசை. கீழே அகலமான மூன்று டிராயர், மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டி டிராயர், இரண்டு கடைசல் தூண்களுக்கு நடுவே முன்னும் பின்னும் சாய்கிற கண்ணாடி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கடையின் பின்கட்டில், எனாமல் தட்டுகளையும் சாமி படச் சட்டங்களையும் தலையில் சுமந்துகொண்டு நின்றது. பித்தளைக் கைப்பிடி ஒன்று இல்லை. முன்கால் ஒன்று ஆடியது. மேல்பலகையில் நீளவாக்கில் விரிசல். பூச்சு கருத்துப்போய், தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டியது. கண்ணாடியில் ரசம் போய், கீழ் ஓரம் முழுக்கக் கரும்புள்ளி.

இப்படிப்பட்ட சாமானை முன்னால் நின்று பார்ப்பதில் பயனில்லை. முகப்பைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்திருப்பார்கள். டிராயரை முழுக்க உருவி வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்து மூலைகளைப் பார்க்க வேண்டும். மரத்தை அரிக்கிற உளு அடித்திருந்தால் ஊசி முனை அளவு துளைகள் இருக்கும். தட்டினால் அரித்த மாவு கொட்டும். தேக்கின் வைரத்தை, அதாவது நடுவில் முற்றிய கெட்டி மரத்தை, உளு லேசில் தொடாது, ஓரத்து வெள்ளையில்தான் ஏறும். இதில் பின்பக்கச் சட்டம் ஒன்றில் மட்டும் பழைய துளைகள் இருந்தன, மாவு கொட்டவில்லை. டிராயர்களின் முன்பலகையும் பக்கப்பலகையும் புறா வால் போல் விரிந்த டவ்டெயில் பல் வைத்துக் கோத்தவை. அந்தப் பற்கள் ஒரே அளவில் இல்லை. ஒன்று சற்று அகலம், அடுத்தது ஒடுக்கம். பற்களின் அடியில் தச்சர் அளவுக்குக் கீறிய கோடு இன்னும் தெரிந்தது. கையால் அறுத்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நான் வாங்குவதென்று முடிவு செய்தது இன்னொன்றைப் பார்த்த பிறகு. ஒவ்வொரு டிராயரின் அடியிலும், அது நுழைகிற பொந்தின் உள்சட்டத்திலும் உளியால் சிறு வெட்டுகள் இருந்தன. மேல் டிராயருக்கு ஒரு வெட்டு, அடுத்ததற்கு இரண்டு, கீழதற்கு மூன்று. எந்த டிராயர் எந்த இடத்துக்கு என்று கழற்றி மாட்டுபவர் தடுமாறக் கூடாதென்று போட்ட அடையாளம். பார்க்கிறவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில், பிற்காலத்தில் கழற்றப்போகும் ஆளுக்காக மட்டுமே அதைச் செய்திருக்கிறார். அதன் முழுப் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பர்மாவிலிருந்து வந்த பலகை

“ஒரிஜினல் பர்மா தேக்கு” என்றார் கடைக்காரர். அந்தத் தெருவில் அதைச் சொல்லாத கடை கிடையாது. நம் பக்கத்திலும் தேக்குக்குப் பஞ்சமில்லை. மலபார் கலெக்டராக இருந்த கானலியும் அவருக்குக் கீழே வேலை பார்த்த சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டது 1840-களில். பலகையைப் பார்த்த மாத்திரத்தில் இது எந்த ஊர் மரம் என்று சத்தியம் பண்ணுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் இந்த மேசையின் பக்கப்பலகைகள் ஒட்டுப் போடாத ஒற்றைப் பலகைகள், ஒரு முழத்துக்கு மேல் அகலம், நெருக்கமான ரேகை. அந்த அகலத்தில் வைரம் மட்டுமே கிடைக்க வேண்டுமென்றால் மரம் நன்றாக முற்றிப் பருத்திருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளுக்கு அப்படிப்பட்ட மரம் எங்கிருந்து கப்பலேறி வந்தது என்பது நமக்குத் தெரிந்த கதைதான்.

அந்த மரத்துக்காக ஒரு நாடே போயிருக்கிறது. காட்டில் வெட்டிய மரங்களுக்குக் குறைத்துக் கணக்குக் காட்டியதாக பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு பர்மிய அரசவை பெரிய அபராதம் விதித்தது. அந்தத் தகராறைச் சாக்காக வைத்து 1885 நவம்பரில் பிரிட்டிஷார் படையெடுத்தார்கள். சில வாரங்களில் தலைநகர் மாண்டலே விழுந்தது. பர்மிய மன்னர் திபாவை நம் மேற்குக் கரையில் ரத்னகிரிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள், அங்கேயே இறந்தார். மரம் வெட்டும் முறையும் நிதானமானது. நிற்கிற தேக்கின் அடியைச் சுற்றிப் பட்டையோடு வளையமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று வருடம் அப்படியே நிறுத்திக் காய விடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. காய்ந்த பிறகு சாய்த்து, யானை வைத்து இழுத்து ஓடைக்கரையில் போட்டால், மழை வெள்ளம் அதை ஐராவதி ஆறு வரை கொண்டுபோகும். காட்டிலிருந்து ரங்கூன் வந்துசேரப் பல வருடம் ஆகும். 2014 ஏப்ரலில் மியன்மார் அரசு முழு மரமாக ஏற்றுமதி செய்வதையே தடை செய்துவிட்டது.

இதை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் உப்புத்தாள் மெஷினைப் பார்த்தேன். வெயிலும் வெளிச்சமும் கை பட்ட எண்ணெயும் சேர்ந்து தேக்குக்கு ஒரு நிறம் கொடுத்திருக்கும். அந்த நிறம் மேலே மெல்லிசாகத்தான் படிந்திருக்கும். மெஷினை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் கீழே வெளிறின மஞ்சள் வந்துவிடும். அப்புறம் அந்தப் பழைய நிறத்துக்குச் சாயம் கலந்து பூசுவார்கள். இருந்ததை எடுத்துவிட்டு இருந்தது போல் ஒன்றைப் பூசுவது. கடைசல் தூணின் வளையங்கள், விளிம்பில் ஓடுகிற மெல்லிய கோடு எல்லாம் அந்தத் தேய்ப்பில் மழுங்கும்.

இந்தக் கோபம் எனக்கு மரச்சாமானால் வந்ததில்லை, கோயிலால் வந்தது. திருப்பணி என்ற பெயரில் கற்சுவர்கள் மேல் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்த காலம் ஒன்று இருந்தது. சுவர் பளிச்சென்று ஆனது. கல்வெட்டு எழுத்து மழுங்கிப் போனது. ஆயிரம் வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற எழுத்து, பக்தியோடு செய்த ஒரு வேலையில் போனது. அப்படிச் சுத்தமான ஒரு சுவரைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்லின் மேல்தோல் போய்ச் சொரசொரவென்று இருக்கும். மீட்டுக்கொண்டு வர வழியே இல்லாத வேலை அது. என் மேசை ஒரு கோயில் இல்லைதான். ஆனாலும் என் கையால் அந்தக் காரியம் நடக்கக் கூடாது என்று இருந்தேன்.

இரண்டு மூலைகள்

மதுரையில் எங்கள் பகுதியில் ஒரு தச்சர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். கதவு நிலை, கட்டில் என்று எல்லாம் செய்தவர். இப்போது மகன் மாடுலர் கிச்சன் வேலைக்குப் போகிறார், இவர் பட்டறையில் பழுது வேலை மட்டும் பார்க்கிறார். மேசையைக் கொண்டுபோய் இறக்கியதும் அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. “கவுத்துப் போடுங்கம்மா” என்றார். கவிழ்த்ததும் ஆடுகிற முன்காலை ஒரு கையால் பிடித்து மெல்ல அசைத்துவிட்டு, பிறகு ஆடாமல் உறுதியாக நின்ற பின்காலை வெகுநேரம் பார்த்தார். “இதுதான்மா தொல்லை குடுக்கப் போகுது” என்றார் பின்காலைக் காட்டி. நான் முன்காலைத்தான் நோய் என்று நினைத்திருந்தேன்.

முதலில் முன்கால். பழைய துணியைக் கொதிக்கிற தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கால் சட்டத்தோடு சேருகிற இடத்தில் சுற்றினார். துணி ஆறினால் மறுபடி சூடாக நனைத்தார். அதற்கு நடுவில் டீ வந்தது, குடித்தார். பிறகு இணைப்பின் மேல் சாக்கை மடித்து வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை. தட்டிக்கொண்டே காது கொடுத்துக் கேட்டார். சத்தம் மாறியதும் நிறுத்திவிட்டுக் கையால் இழுத்தார். சட்டத்தின் நாக்கு காலின் துளையிலிருந்து முழுசாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நாக்கின் மேலே பழுப்பாகக் கூழ் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஆட்டுக்கால் வேகிற வாசனை.

வஜ்ரம். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. கட்டியை இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் ஒரு பாத்திரத்து வெந்நீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இளக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் பிடிமானம் போய்விடும். அறுபது டிகிரிச் சூடு போதும். பூசினதும் சட்டென்று கோத்துவிட வேண்டும், ஆறினால் கூழாக உறைந்துவிடும். இவ்வளவு பாடு இருப்பதால்தான் 1959-ல் ஃபெவிக்கால் வந்த பிறகு தச்சர்கள் அதற்கு மாறினார்கள், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வஜ்ரத்துக்கு ஈரம் ஆகாது. பூஞ்சை பிடிக்கும். வெள்ளம் புகுந்த வீட்டில் வஜ்ரம் போட்ட நாற்காலி கழன்று விழும். ஆனால் எந்தச் சூட்டில் இளகிச் சேர்ந்ததோ அதே சூட்டில் இளகிப் பிரியும். அந்த நாக்கில் ஒரு கீறல் இல்லை. அறுத்த ரம்பத்தின் தடம் அப்படியே இருந்தது. சுரண்டித் துடைத்துவிட்டுப் புது வஜ்ரம் பூசிக் கோத்து, காலைச் சுற்றிக் கயிறு கட்டி நடுவில் குச்சி கொடுத்து முறுக்கி வைத்தார். அவ்வளவுதான் வேலை.

பிறகு பின்கால். நடுவில் எப்போதோ யாரோ பழுது பார்த்த கால் அது. மேசை முழுக்க ஒற்றை வெட்டுத் திருகாணிகள் இருக்க, அங்கே மட்டும் ஸ்டார் ஸ்க்ரூ இரண்டு இருந்தன. அந்த நட்சத்திரத் தலை 1930-களில்தான் சந்தைக்கே வந்தது, நம் ஊர் கடைத்தெருவுக்கு அதற்கும் வெகுகாலம் கழித்து. இணைப்பின் ஓரத்தில் கண்ணாடி போல் கெட்டியாக எபாக்ஸி வழிந்து நின்றது. இரண்டு டியூபைக் கலந்து பூசுவோமே அதேதான். உறுதியாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் காலைக் கோணலாக வைத்து ஒட்டியிருந்ததால் மேசை மூன்று காலில் நின்றது, நாலாவது கால் தரையைத் தொடவில்லை. முன்கால் ஆடியதற்குக் காரணமே அதுதான். பாரம் முழுக்க முன்கால் மூலையில் இறங்கி, அங்கே வஜ்ரம் விட்டிருக்கிறது.

வெந்நீர்த் துணி சுற்றினார். இஸ்திரிப் பெட்டியை ஈரத்துணி மேல் வைத்து ஆவி காட்டினார். ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு மறுபடி காட்டினார். தட்டினார், காது கொடுத்துக் கேட்டார், சத்தம் மாறவே இல்லை. “உடையும், பரவால்லயா?” என்று கேட்டார். கோணலைச் சரி செய்யாமல் விட்டால் முன்கால் மறுபடி விடும் என்பதும் எனக்குத் தெரியும். சரி அய்யா என்றேன். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினார். சடக்கென்று ஒரு சத்தம். கால் வந்துவிட்டது. பசை விடவில்லை, மரம் விட்டிருந்தது. ரேகையோடு பிளந்து, கால் மரத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் சிலும்பு சட்டத்தின் நாக்கோடு ஒட்டிக்கொண்டு போனது. இரண்டு துண்டையும் கையில் வைத்துப் பார்த்தேன். ஒட்டின இடத்தில் மட்டும் ஒரு மயிரிழை அசைவில்லை.

அந்தத் தச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மரத்தவிட பசை கெட்டியா இருக்கக் கூடாதும்மா. எதாவது ஒண்ணு விடணும்னா பசை விடணும். பசைய நாளைக்கு வேற ஒருத்தன் வந்து பூசிக்கிருவான்.” வேற ஒருத்தன் என்றது யாரையோ குறிப்பிட்டு இல்லை. இந்த வேலையை அடுத்துப் பார்க்கப் போகிறவன், பிறந்தே இருக்க மாட்டான், அவனைச் சொன்னார். டிராயருக்கு அடியில் உளியால் போட்ட அந்த வெட்டுகள் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. முதலில் இதைச் செய்தவர் வெட்டுப் போட்டதும் அவனுக்காகத்தான், வஜ்ரம் பூசியதும் அவனுக்காகத்தான். நடுவில் எபாக்ஸி பூசியவர், தனக்குப் பின்னால் யாரும் இதைத் தொட வேண்டியிருக்காது என்று நம்பியிருக்கிறார். இனி விடவே கூடாது என்ற அக்கறைதான் அது. அந்த அக்கறைதான் காலைப் பிளந்தது.

அதற்குப் பிறகு என் கேள்வி எனக்கு எளிதாகிவிட்டது. பழசா புதுசா என்று மாதக்கணக்கில் குழம்பியதற்குப் பதிலாக, ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று மட்டும் கேட்டேன்: இதை அடுத்து வருகிறவர் மரத்தைக் காயப்படுத்தாமல் நீக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செய்யலாம். முடியாது என்றால், வேறு வழியில்லாதபோது மட்டும்.

பிளந்த காலுக்கு வேறு வழியில்லை. பழைய கதவு நிலை ஒன்றிலிருந்து தேக்குத் துண்டு எடுத்து, சிலும்பு போன இடத்தைச் சாய்வாக இழைத்துவிட்டு, அதே சாய்வில் ஒட்டுக்கட்டை வைத்தார். ரேகை ஓடுகிற திசை பார்த்து வைத்தார். நிறம் சற்று வேறாகத்தான் தெரிகிறது. சாயம் கலந்து மறைக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாமென்றேன். புராதனக் கட்டடங்களைப் பழுது பார்ப்பதற்கு 1964-ல் எழுதிய வெனிஸ் சாசனத்தில் இதற்கு வழி இருக்கிறது: புதிதாகச் சேர்க்கிற பகுதி மொத்தத்தோடு இசைந்து போக வேண்டும், ஆனால் உற்றுப் பார்த்தால் இது பிறகு சேர்த்தது என்று தெரியவும் வேண்டும். ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே நிறுத்திக்கொள் என்றும் அதே சாசனம் சொல்கிறது. காணாமல் போன கைப்பிடிக்கும் அதையே பின்பற்றினேன். மற்றவற்றின் அச்சு எடுத்து வார்க்காமல், அதே அளவில் வேலைப்பாடில்லாத பித்தளைக் குமிழ் ஒன்று.

மேல்பலகை விரிசலும் இதே கதைதான். மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து அகலும், கோடையில் சுருங்கும். நீளத்தில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம், அகலத்தில்தான் எல்லாம். அதற்கு இடம் கொடுத்துத்தான் பழைய தச்சர்கள் பலகையைப் பிடிப்பார்கள். இதில் யாரோ பலகை நகராதபடி அடியிலிருந்து இரு ஓரத்திலும் இறுக்கித் திருகியிருந்தார்கள். சுருங்க இடமில்லாத பலகை நடுவில் வாய் பிளந்தது. தச்சர் அந்தத் துளைகளை அகலவாக்கில் நீள்துளையாகக் கொத்தி, திருகாணி உள்ளே நகர இடம் விட்டார். விரிசலை மூடத் தேக்குச் சீவல் ஒன்றை வஜ்ரம் தொட்டு இறக்கினார்.

ஸ்பிரிட் தொட்ட பஞ்சு

பூச்சு என்ன என்று கண்டுபிடிப்பது எளிது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பெயிண்ட் கடையில் விற்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு வைத்து எடுங்கள். பூச்சு பிசுபிசுவென்று இளகிப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அரக்கு. அசையாமல் இருந்தால் வேறு. என் மேசையில் பழுப்பு ஏறியது. அந்தப் பழுப்பைப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கருத்துப் பிசுக்கேறிக் கிடந்தாலும், பூச்சு இன்னும் திறந்துகொள்ளக் கூடியதாகத்தான் இருந்தது.

பலாச மரத்திலும் இலந்தையிலும் குடியேறுகிற ஒரு பூச்சி, கிளையைச் சுற்றிக் கசியவிடுவது அரக்கு. ஜார்க்கண்ட்தான் இதில் முதல் மாநிலம். ராஞ்சிக்குப் பக்கத்தில் 1924-லேயே இதற்கென்று ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. நம் தாத்தா பாட்டி கேட்ட 78 சுற்று இசைத்தட்டுகளில் இருந்ததும் இதே அரக்குதான். ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால், ஸ்பிரிட் ஆவியாகிப் போய் அரக்கு மட்டும் மரத்தில் தங்கும். பழைய பூச்சின் மேல் புது அரக்கைப் பூசும்போது, அதிலிருக்கிற ஸ்பிரிட் பழையதையும் இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். உரிக்கவே தேவையில்லை.

பாலிஷ் வேலைக்கு வந்தவர் என்னைவிட இளையவர், கெட்டிக்காரர். வந்ததும் மெஷினை எடுத்தார். வேண்டாம் என்றதும் விவாதம் தொடங்கியது. “அக்கா, சுத்தமா உரிச்சுட்டு பி.யூ. அடிச்சுருவோம். பத்து வருசத்துக்குத் தண்ணி பட்டாலும் சூடு பட்டாலும் ஒண்ணும் ஆகாது. அரக்குன்னா காப்பி டம்ளர் வச்சாலே வெள்ளையா வட்டம் விழும். அப்புறம் என்னையத்தான கூப்பிடுவீங்க?”

“கூப்பிடத்தான் செய்வேன்” என்றேன். அதைச் சமாளிப்பாகச் சொல்லவில்லை. வட்டம் விழுந்தால் அவரைக் கூப்பிடலாம், அவர் வந்து ஸ்பிரிட்டும் அரக்கும் தொட்டுத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் சரியாகிவிடும். பி.யூ. என்பது பாலியூரித்தேன் பூச்சு. அது காய்கிறபோது இரண்டு ரசாயனம் சேர்ந்து வேறொன்றாகக் கெட்டியாகிவிடுகிறது, எந்த ஸ்பிரிட்டிலும் மறுபடி கரையாது. அதில் கீறல் விழுந்தால் பலகை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். பத்து வருடம் ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னது உண்மைதான். பதினொன்றாவது வருடம் மரம் கொஞ்சம் போகும் என்பதும் உண்மை.

அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டார். ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. முதலில் டர்ப்பன்டைன் தொட்ட துணியால் அழுக்கையும் பழைய மெழுகையும் மட்டும் எடுத்தார். டர்ப்பன்டைன் அரக்கைத் தொடாது. கருப்பு நீங்க நீங்க, கீழே தேன் நிறத்தில் ரேகை எழுந்தது. பிறகு பஞ்சைத் துணியில் பொதிந்து உருண்டையாகக் கட்டி, அரக்கை உள்ளே ஊற்றிப் பிழிந்து, கை நிற்காமல் எட்டு எட்டாகச் சுழற்றித் தேய்த்தார். நின்றால் துணி ஒட்டிக்கொண்டு பூச்சைப் பிய்க்கும். வழுக்கிப் போக ஒரு சொட்டு எண்ணெய். ஒரு கை பூசி, காய விட்டு, மறுநாள் ஒரு கை. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடக் கூடாது என்றார். காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு வெள்ளை பூத்துவிடும். மாசி வெயில் தொடங்கிய பிறகுதான் நாங்கள் தொடங்கினோம். மேல் டிராயருக்குள் ஒரு மைக்கறை மரத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. தேய்த்தால் குழி விழும் என்பதால் விட்டுவிட்டோம். டிராயர் ஓடுகிற சட்டத்தில் மெழுகுவர்த்தி தேய்த்தாயிற்று. பின்பலகையின் உட்புறம் ஒரு காகிதத்தில், வஜ்ரம் எங்கே, அரக்கு எங்கே, எந்தக் கால் ஒட்டுக்கட்டை, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.

கண்ணாடி

வீட்டில் வாக்குவாதம் வந்தது கண்ணாடி விஷயத்தில்தான். ஓரம் சாய்வாகப் பட்டை தீட்டிய கனமான கண்ணாடி. கடைக்காரர்கள் எதையும் பெல்ஜியம் என்பார்கள். எந்த ஊராக இருந்தாலும் நல்ல கண்ணாடி. பின்னால் பூசிய வெள்ளி ஈரத்தில் கருத்திருந்தது. 1835-ல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் கண்டுபிடித்த வெள்ளிப் பூச்சு முறை அது. இன்றும் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்பது என் எண்ணம். “முகம் தெரியாத கண்ணாடி எதுக்குடி?” என்றார் அம்மா. அவர் கேட்டது நியாயம். பொட்டு வைக்க உட்காருகிறவருக்குப் பொட்டு தெரிய வேண்டும்.

பின்காலில் கற்றதை இங்கேயும் வைத்துப் பார்த்தேன். வெள்ளியைச் சுரண்டினால் அது போனது போனதுதான். ஆனால் சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றுவதற்கு நான்கு கட்டைகளை எடுத்தால் போதும். அதே அளவில் புதுக் கண்ணாடி போட்டு, பழையதைத் துணியில் சுற்றிப் பீரோவுக்குப் பின்னால் நிறுத்திவைத்தேன். அம்மாவுக்கு வேலை ஆயிற்று. பின்னால் யாருக்காவது அந்தக் கண்ணாடிதான் வேண்டுமென்றால் மாட்டிக்கொள்ளலாம். எனக்கு அதில் இன்னும் சின்ன வருத்தம் உண்டு, புதுக் கண்ணாடி தட்டையாக, குளிர்ச்சியாகத் தெரிகிறது.

பாலிஷ் தம்பிக்கும் எனக்கும் விவாதம் முடியவில்லை. போன வருடம் சாப்பாட்டு மேசைக்கு அவரையே கூப்பிட்டேன். தினமும் மூன்று வேளை சூடான பாத்திரம் இறங்குகிற, ரசம் கொட்டுகிற, ஈரத்துணியால் துடைக்கிற பலகை. அதுவும் பிளைவுட் மேல் ஒட்டிய மெல்லிய தேக்குத் தாள். அதற்கு அவர் சொன்ன பி.யூ.தான் சரி என்று நானே அடிக்கச் சொன்னேன். “அப்ப அதுக்கு மட்டும் ஏன்க்கா அரக்கு?” என்று நிலைக்கண்ணாடி மேசையைக் காட்டிக் கேட்டார். பின்காலின் ஒட்டுக்கட்டையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். குனிந்து பார்த்தார், நகத்தால் ரேகையைத் தடவினார். பிறகு மேல்பலகையில் இடது மூலையில் நான் கவனிக்காமல் இருந்த வெள்ளை வட்டம் ஒன்றைக் காட்டி, ஸ்பிரிட் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.